நாய்க்கு நகம் வெட்டத் தனியாளாக உட்காரும் முன்

டெல்டாவில் நாய் வளர்க்கிறவர்களுக்கு நகத் தொல்லை ஐப்பசிக்குப் பிறகுதான் தெரியவரும். கோடையில் நாய் தார்ச்சாலையிலும் காய்ந்த வரப்பிலும் ஓடி, நகத்தைத் தானே தேய்த்துக்கொள்ளும். ஆற்றில் தண்ணீர் வந்து, சம்பா நடவும் முடிந்து, வடகிழக்குப் பருவமழையும் பிடித்துக்கொண்டால் கெட்டித் தரை என்பது வீட்டுக்குள் மட்டும்தான். வெளியே வண்டலும் களியும் சேறாகக் கிடக்கும். அதில் எவ்வளவு நடந்தாலும் நகம் தேயாது. வீட்டுக்குள் இருக்கும் வழவழப்பான டைல்ஸும் தேய்க்காது. மழையைச் சாக்கிட்டு நாயைக் கட்டியே போட்டிருப்போம், அதனால் நடையும் இல்லை. பொங்கலுக்குள் நகம் வளைந்து, நடக்கும்போது தரையில் டக் டக்கென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டாலே வெட்டும் காலம் தாண்டிவிட்டது என்று பொருள். நாய் சமதரையில் நேராக நிற்கும்போது நகத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு காகிதம் தடையில்லாமல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் ஒவ்வொரு அடியிலும் தரை நகத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. விரல் விரியும், நாய் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கப் பழகும், வயதான நாய்க்கு மூட்டுவலி கூடும்.

எங்களிடம் இருப்பது சொந்தக்காரர் குடும்பம் திருப்பூருக்குக் குடிபோனபோது விட்டுவிட்டுப் போன லேப்ரடார் கலப்பு. பத்து நகத்துக்கு எட்டு கருப்பு. வந்தபோதே முன்னங்காலை நொண்டியது. பார்த்தவர்கள் எல்லாரும் முள் என்றார்கள். அது முள் இல்லை. காலின் உட்பக்கம், தரையில் படாமல் சற்று மேலே தொங்கும் கட்டைவிரலின் நகம் முழு வட்டமாகச் சுருண்டு சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது. முடியை விலக்கினால் சீழ். நான் போன நேரத்தில் மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் இல்லை, கிராம முகாமுக்குப் போயிருந்தார். தனியார் கிளினிக்கில் 900 ரூபாய், மருந்துக்கு 400, ஆட்டோவுக்குப் போகவர 500. அதற்குமேல் அது புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பை மாட்டிவிட்டு, ராத்திரியெல்லாம் அது கதவிலும் கட்டில் காலிலும் இடித்துக்கொண்டு அலைவதைக் கேட்டபடி விழித்துக் கிடந்தேன். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. “இனிமே வீட்டிலேயே வெட்டிடுங்கம்மா” என்று சொல்லி அனுப்பினார்களே தவிர, எப்படி என்று யாரும் காட்டித்தரவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சியோ, “ஏம்மா, நாய்க்கு நகம் வெட்டவா ஆஸ்பத்திரி?” என்று சிரித்தார். வீட்டில் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் இல்லாமல் இந்த வேலையைப் பழகியவள் என்பதால், தனியாளாகச் செய்கிறவர்களை மனதில் வைத்தே மீதியை எழுதுகிறேன்.

முதலில் நகம் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். நம் நகம் விரல்மேல் ஒட்டிய தட்டை. நாயின் நகம் ஓர் உறை. வெளியே கெட்டியான கெரட்டின், உள்ளே ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் சதை, அதற்கும் உள்ளே விரலின் கடைசி எலும்பு. அந்த உள்சதையை வெட்டினால் ரத்தமும் வரும், வலியும் வரும், அந்த வலியை நாய் ஞாபகமும் வைத்திருக்கும். வெள்ளை நகத்தில் உள்சதை ரோஸ் நிறத்தில் வெளியே தெரியும், அதற்கு 2 மில்லிமீட்டர் முன்னால் நிறுத்திவிடலாம். கருப்பு நகத்தில் ஒன்றும் தெரியாது. செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்தால் தெரியும் என்பார்கள். வெளிறிய நகத்துக்கு அது உதவும், அட்டைக் கருப்பு நகத்தில் வெளிச்சம் ஊடுருவாது. ஒரே நாய்க்கு இரண்டு நிறத்திலும் நகம் இருந்தால் வெள்ளை நகத்தில் உள்சதை எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே காலின் கருப்பு நகத்திலும் ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும். மொத்தம் பதினெட்டு நகம்: காலுக்கு நான்கு, முன்னங்கால் இரண்டிலும் ஒவ்வொரு கட்டைவிரல். சில நாய்களுக்குப் பின்னங்காலிலும் கட்டைவிரல் இருக்கும், அது எலும்போடு சரியாகச் சேராமல் தோலில் தொங்கிக்கொண்டு இருப்பதும் உண்டு. கட்டைவிரல் நகம் எந்தப் பருவத்திலும் தேயாது. கோடையில் மற்ற நகங்களை விட்டுவிட்டாலும் இதை மாதம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். முடி அடர்ந்த பொமரேனியன் வகைகளில் கையால் தடவிப் பார்த்தால்தான் அகப்படும்.

கருவியில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் பணம் இரண்டு மடங்காகப் போகும். வளையத்துக்குள் நகத்தை நுழைத்து அழுத்தும் மாதிரி ஒன்று 180 ரூபாய்க்குக் கிடைத்தது. சின்ன நாய்க்கு அது பரவாயில்லை. லேப்ரடார், ராஜபாளையம் அளவுள்ள நாயின் தடித்த நகம் அந்த வளையத்துக்குள் நுழையவே திணறும், மலிவான பிளேடு வெட்டுவதற்குப் பதில் நசுக்கும். குப்பையில்தான் போட்டேன். பெரிய நாய்க்கு வேண்டியது பிளையர் மாதிரி, பிறை வடிவப் பிளேடு இரண்டு எதிரெதிரே வந்து சேரும் கட்டர். 500லிருந்து 700 ரூபாய் வரை ஆனது. அதில் ஒரு சின்னத் தகடு தடுப்பாக இருக்கும், அளவுக்கு மேல் வெட்டாமல் அது காப்பாற்றும் என்று அட்டையில் போட்டிருக்கும். அதை நம்பவே கூடாது. தகட்டுக்கு நகத்தின் நுனி எங்கே என்றுதான் தெரியும், சதை எங்கே என்று தெரியாது. நான் அதைத் திருகிக் கழற்றிவிட்டேன், பார்வைக்கு மறைப்பாவது இல்லை. மனிதர் நகவெட்டி இரண்டு மூன்று மாதக் குட்டிக்கு மட்டும் சரிப்படும். வளர்ந்த நாயின் உருண்டை நகத்தை அது பக்கவாட்டில் அழுத்திப் பிளந்துவிடும். பிளேடு மழுங்கிவிட்டதா என்பதை வெட்டிய முகமே சொல்லும். நார் நாராகப் பிசிறு நின்றாலோ, வெட்டும்போது நறநறவென்று கேட்டாலோ மாற்ற வேண்டியதுதான். ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு வைத்தால் நம்ம ஊர் ஈரக்காற்றில் துருப்பிடிக்காது.

சார்ஜில் ஓடும் அரவை மெஷினும் கிடைக்கிறது. கருப்பு நகத்துக்கு அது நல்ல துணை, ஆனால் சத்தத்துக்குப் பழக்கவே வாரக்கணக்கில் ஆகும். ஓடும் சக்கரத்தை ஒரே இடத்தில் வைத்திருந்தால் நகம் சூடேறும். தொட்டு எடுக்க வேண்டும், ஒரு தடவைக்கு இரண்டு விநாடி போதும். விரலிடுக்கு முடி சுற்றிக்கொண்டால் பிடுங்கிவிடும், முன்பே கத்தரித்துவிடுங்கள். பறக்கும் தூளுக்கு முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செலவு வேண்டாம் என்றால் வெட்டிய பின் பிசிறை நீக்கச் சாதாரண அரம் போதும்.

கட்டர் வாங்கிய அன்றே வெட்ட உட்காராதீர்கள். பாதத்தைத் தொட்டாலே காலை இழுத்துக்கொள்ளும் நாய்தான் அதிகம். முதல் சில நாள் வெறுமனே பாதத்தைப் பிடித்து, ஒவ்வொரு விரலையும் லேசாக அழுத்தி, உடனே தின்பதற்கு ஏதாவது கொடுத்து விட்டுவிடுங்கள். பிறகு கட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதையே செய்யுங்கள். பிறகு கட்டரால் நகத்தைத் தொடுவது மட்டும். வேகாத சேமியாவையோ ஈர்க்குச்சியையோ அதன் பக்கத்தில் கட்டரால் வெட்டிக் காட்டினால் அந்த ‘டக்’ சத்தமும் பழகும். இதற்கு இரண்டு வாரம் போனாலும் நஷ்டமில்லை. தொடங்கும்போது ஒரு நாளைக்கு ஒரு நகம் வெட்டினாலும் போதும். பதினெட்டையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் கடி வாங்குகிறார்கள்.

தனியாளுக்குப் பெரிய சிக்கல் பிடிப்பது. ஊரில் கிடைக்கும் யோசனை எல்லாம் மாட்டுக்கு லாடம் அடிக்கிற மாதிரி கட்டிச் சாய்த்துவிடு என்பதுதான். சாய்க்கப்பட்ட நாய் உயிர்ப்பயத்தில் திமிறும், மூட்டு பிசகும், அடுத்த முறை கட்டரைப் பார்த்ததும் கொல்லைக்கு ஓடும். சரிப்பட்டு வந்தது வேறு வழி. வேகவைத்த கோழி ஈரலை உப்பில்லாமல் மசித்து எவர்சில்வர் தட்டில் அழுத்தித் தடவி, சுவரோரம் நாயின் முகத்துக்கு நேராக வைத்துவிடுங்கள். அது நக்கி முடிக்க எடுக்கும் நேரம்தான் உங்கள் நேரம். வழவழப்பான தரையில் கோணிச்சாக்கோ ரப்பர் பாயோ விரியுங்கள், கால் வழுக்கினாலே நாய் பதறும். நாய் பார்க்கும் திசையையே நீங்களும் பார்த்தபடி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னங்காலை மணிக்கட்டில் மடக்கிப் பின்பக்கமாகத் தூக்குங்கள். பாதம் வானத்தைப் பார்க்கும், நகத்தின் அடிப்பகுதி உங்களுக்கு நன்றாகத் தெரியும், கட்டர் நாயின் கண்ணில் படாது. காலைப் பக்கவாட்டில் இழுக்கக் கூடாது. நாயின் தோள் அப்படி விரிவதற்கானது இல்லை, முக்கால்வாசித் திமிறல் அந்த வலியால்தான். பின்னங்காலையும் அப்படியே பின்னோக்கி, தரையிலிருந்து கொஞ்சம் தூக்கினால் போதும். படுத்திருக்கும்போது சாந்தமாக இருக்கும் நாய் என்றால் மத்தியானத் தூக்கத்திலேயே இரண்டு நகத்தை முடித்துவிடலாம்.

குளிப்பாட்டிய பின் வெட்டுவது நல்லது. ஊறிய நகம் மெத்தென்று வெட்டுப்படும், பிளக்காது. காலை வெயில் விழும் வாசலிலோ திண்ணையிலோ உட்காருங்கள், டியூப்லைட் வெளிச்சத்தில் கருப்பு நகம் பார்க்க முடியாது. உங்கள் கட்டைவிரலை நாயின் பாதத் திண்டிலும் ஆள்காட்டி விரலை அதன் விரல்மேலும் வைத்து மெல்ல அழுத்தினால் நகம் முன்னே வரும். இறுக்கிப் பிடிக்க வேண்டாம். முதலில் நகத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நுனிப் பகுதி பள்ளமாக, வாய்க்கால் விட்டதுபோல இருக்கும். அந்தப் பள்ளம் உள்ள வரை உள்சதை கிடையாது, தைரியமாக எடுக்கலாம். பள்ளம் மூடி நகம் உருண்டு திரளும் இடத்திலிருந்துதான் கவனம். அதன்பின் ஒரு வெட்டுக்கு 1 மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். பிளேடைப் பாதத்துக்கு 45 டிகிரி சாய்வில் வைத்து, ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் வெட்டிய முகத்தைப் பாருங்கள். முதலில் சுண்ணாம்பு போல வெளிறி, உதிரியாக, காய்ந்து இருக்கும். இன்னும் சீவச் சீவ நடுவில் ஒரு புள்ளி தோன்றும். சாம்பலோ கருப்போ, சுற்றியுள்ளதைவிட மினுமினுப்பாக, ஈரப்பசையோடு. அது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். இன்னும் நீளமாக இருக்கிறதே என்று தோன்றும், இருக்கட்டும். கட்டைவிரல் நகம் முழுக்கச் சுருண்டிருந்தால், சதையில் குத்தாத நிலையில், வளைவின் பாதியில் ஒரு வெட்டு, பிறகு மிச்சத்தைச் சீவலாக எடுக்கலாம். சதைக்குள் இறங்கியிருந்தால் தொடவே வேண்டாம்.

எவ்வளவு பார்த்துச் செய்தாலும் ஒருநாள் ரத்தம் வரும். அதற்கானதை வெட்டுவதற்கு முன்பே பக்கத்தில் எடுத்து வையுங்கள். கால்நடை மருந்துக் கடையில் ஸ்டிப்டிக் பவுடர் கிடைக்கும். கிடைக்காத ஊரில் சலூனில் சவரத்துக்குப் பின் தேய்ப்பார்களே, அதே படிகாரம். நைஸாகப் பொடித்து ஒரு மூடியில் கொட்டி வைத்தால் வேலை செய்யும், ஆனால் எரியும், நாய் காலை உதறும். அதுவும் இல்லையென்றால் சோளமாவு, மைதா. நகத்தின் நுனியை மூடியில் உள்ள பொடிக்குள் அழுத்தி, பிறகு பஞ்சை வைத்து ஐந்து நிமிடம் கடிகாரம் பார்த்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்தது பெயர்ந்து மறுபடி வரும். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, அதுவும் உறைந்ததைக் கரைக்கும். நம்ம பக்கத்தில் காயம் என்றதும் அடுப்படிக்கு ஓடிக் காப்பித்தூளை அள்ளி அப்புவார்கள். நாய் அதை நக்கும், காபீன் நாய்க்கு நஞ்சு. மண்ணெண்ணெயும் கூடாது. மஞ்சள்தூள் கெடுதல் செய்யாது, ரத்தத்தை நிறுத்தவும் செய்யாது. நின்றால் அது நீங்கள் அழுத்தியதால் நின்றது. டைல்ஸில் நாய் நடந்து நடந்து பதிக்கும் ரத்தம் பார்க்க ஆடு அறுத்த மாதிரி பயமுறுத்தும், உண்மையில் சில சொட்டுதான். அன்று முழுக்கச் சேற்றில் விடாதீர்கள். கால் மணி நேரம் அழுத்தியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் போயாக வேண்டும். உண்ணி மொய்த்த நாயாக இருந்தால் இதை இன்னும் கவனிக்க வேண்டும். உண்ணியால் பரவும் எர்லிகியா காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்துவிடும். சின்ன நகக் காயம் நிற்காமல் கசிவதுகூட அந்த நோயின் அடையாளமாக இருக்கலாம். வலிக்கிறதே என்று நம் வீட்டுப் பாரசிட்டமாலையோ புரூஃபனையோ கொடுத்துவிடாதீர்கள், நாயின் கல்லீரலும் குடலும் சிறுநீரகமும் தாங்காது.

பல மாதம் வளரவிட்ட நகத்தில் உள்சதையும் கூடவே நீண்டிருக்கும். அதனால் ஒரே நாளில் குட்டையாக்கவே முடியாது. வாரத்துக்கு ஒருமுறை, புள்ளி தெரியும் வரை மட்டும் சீவிக்கொண்டே வந்தால் உள்சதை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். இரண்டு மூன்று மாதத்தில் நகம் தரையைத் தொடாத நீளத்துக்கு வந்துவிடும். பிறகு மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். கட்டரைக் கண்டாலே ஆகாத நாய்க்கு உப்புத்தாள் பலகை செய்யலாம். ஓரடி அகலம், இரண்டடி நீளப் பலகையில் 80 நம்பர் உப்புத்தாளை ஃபெவிகால் போட்டு ஒட்டி, சுவரில் சாய்த்துப் பிடித்து, அதன் பின்னால் தின்பண்டத்தை மறைத்தால் முன்னங்காலால் பறண்டும். பறண்டியதும் கொடுங்கள். ஒரு காலுக்கு ஐந்தாறு இழுப்பு போதும், அதிகமானால் பாதத் திண்டு சிராய்க்கும். முன்னங்கால் நான்கு விரலுக்குத்தான் இது, கட்டைவிரலுக்கும் பின்னங்காலுக்கும் கட்டர் இல்லாமல் ஆகாது. நகம் தேயட்டும் என்று தார்ச்சாலையில் நடத்துவது நல்ல வழிதான், ஆனால் காலை ஏழு மணிக்குள். சித்திரையில் புறங்கையைச் சாலையில் வைத்து ஐந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் அது நாயின் பாதத்துக்கும் சூடுதான்.

நகம் பார்க்க உட்காரும்போதே விரலிடுக்கையும் பார்த்துவிடுங்கள். களிமண் அங்கே காய்ந்து கல்லாக இறுகியிருக்கும். பிடுங்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு இடுக்காகத் துடைத்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் நகத்தைச் சுற்றித் தோல் சிவந்து, வீங்கி, ஒரு புளித்த வாடை வரும், நாய் ஓயாமல் நக்கும். உண்ணிக்கும் பிடித்த இடம் விரலிடுக்குதான். கையால் நசுக்காமல் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். இன்னொன்று: நான்கு காலில் ஒன்றின் நகம் மட்டும் மற்றதைவிட நீண்டிருந்தால், நாய் அந்தக் காலை ஊன்றி நடக்கவில்லை என்று அர்த்தம். அங்கே வலி எங்கே இருக்கிறது என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.

வீட்டில் செய்யவே கூடாதவையும் உண்டு. சதைக்குள் இறங்கிய நகம், வேரோடு ஆடும் உடைந்த நகம், சீழ், ஒரே சமயத்தில் பல காலில் நகம் கழன்று விழுவது, இதெல்லாம் டாக்டர் வேலை. தொட்டாலே கடிக்க வரும் நாய்க்கு அவர்கள் மயக்க ஊசி போட்டு வெட்டுவார்கள். நம் தூக்க மாத்திரையை உடைத்துச் சோற்றில் வைக்கும் கைவைத்தியம் உயிருக்கே ஆபத்து. மாட்டாஸ்பத்திரிக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது, கிளம்பும் முன் டாக்டர் இருக்கிறாரா என்று ஒரு போன் போட்டுக்கொள்ளுங்கள். சிக்கலான கேஸ் என்றால் ஒரத்தநாட்டில் 2012-இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தஞ்சாவூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கத்தவர்களுக்கு எட்டும் தூரம். கொஞ்சம் முரண்டு பிடிக்கும் நாய்க்கு வாய்ப்பூட்டு மாட்டலாம், ஆனால் வாயைத் திறந்து மூச்சிரைக்க இடம் விடும் கூடை மாதிரிதான் நல்லது. துணி நாடாவால் இறுக்கிக் கட்டினால் சில நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். நாய் உடல் சூட்டை வாய்வழியாகத்தான் இறக்கும், நம்ம ஊர்ப் புழுக்கத்தில் மயங்கி விழும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்குத் துணிக்கட்டு ஆகவே ஆகாது.

நகம் வெட்டும்போது பல் பட்டாலோ நகம் கீறினாலோ, நம்ம நாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காமல், இறுக்கிக் கட்டாமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள் என்று போடுவார்கள், நடுவில் நிறுத்தக் கூடாது. ரத்தம் வரும் அளவுக்குக் கடி ஆழமென்றால் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்புச்சக்தி ஊசியும் வேண்டும், அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். நாய்க்குப் போட்ட தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். இந்த வருடத்து ஊசி போட்டிருக்கிறதா என்பதுதான் டாக்டர் முதலில் கேட்பது. போடவில்லை என்றால் கட்டர் வாங்கும் முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.